பழைய கேரவன் தரை ஷீட்டை மாற்றணும்: ஆத்தா ஆத்தங்குடிக் கல்தான் வேணும் என்கிறாக

புதுவயல் மில்காரன்:

வணக்கம். ஷூட்டிங்குக்கு வாடகைக்கு ஓடிய கேரவன் ஒன்றை இரண்டு வருஷம் முன்பு சென்னையில் வாங்கினேன். 2005 மாடல், சுவராஜ் மஸ்தா சேசிஸ். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் படப்பிடிப்பு நடக்கும்போது தெரு முனையில் இந்த மாதிரி வண்டி ஜெனரேட்டர் உறும நிற்கும். பார்த்துப் பார்த்து வந்த ஆசை.

ஆசைக்குக் காரணமும் உண்டு. ஆத்தாவுக்கு 78 வயது, முழங்கால் வலி, சர்க்கரை. காரில் கூட்டிப்போனால் மணிக்கு ஒருதரம் பாத்ரூம் தேட வேண்டும். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயிலுக்கும் ஒரு சுற்றுப் போய்வந்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்கிறார்கள். வண்டியிலேயே கட்டிலும் கக்கூஸும் இருந்தால் இளையாத்தங்குடியில் தொடங்கினால் என்ன, பிள்ளையார்பட்டியில் தொடங்கினால் என்ன, அவசரமில்லை.

இப்போது சிக்கல் தரையில். பாத்ரூம் பெட்டி போக 14 அடி நீளம், 6 அடி அகலம். ப்ளைவுட் மேல் சாம்பல் நிற வினைல் ஷீட் ஒட்டியிருக்கிறது. படி ஓரத்தில் ஷீட் உப்பிக்கொண்டு அப்பளம் மாதிரி நிற்கிறது. வாஷ்பேசின் முன்னால் கால் வைத்தால் கொஞ்சம் அமுங்குகிறது. மழைக்குப் பிறகு கதவைத் திறந்தால் நனைந்த சாக்கு வாடை.

எங்கள் மில்லில் மெஷின் ரிப்பேர் நானேதான் பார்க்கிறேன். அதனால் ஸ்பேனர், வெல்டிங் பழக்கம். மரவேலை அரைகுறை. கேட்க வேண்டியது இதுதான்: பழைய ஷீட்டை உரிக்காமல் மேலேயே புதுசு ஒட்டலாமா? புதுசு என்றால் எது?

இன்னொன்று, சிரிக்காதீர்கள். "நம்ம வீட்டு வளவுல கெடக்குற மாதிரி ஆத்தங்குடிக் கல்லப் போடு அப்பச்சி, கால் சில்லுன்னு இருக்கும்" என்று ஆத்தா ஒரு வாரமாகச் சொல்கிறார்கள். முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஏன் முடியாது என்று அவர்களிடம் சொல்லப் பதில் இல்லை.

சிவகங்கை டிராவல்ஸ்:

பழசை உரிப்பது வீண்வேலை சார். என் டெம்போ டிராவலரில் பழைய ஷீட் மேலேயே எஸ்.பி.சி. பலகை (கல்பொடியும் பிளாஸ்டிக்கும் கலந்தது) போட்டேன். ஒன்றுக்குள் ஒன்று சொருகுவது, பசையே வேண்டாம். அரை நாளில் முடிந்தது. பார்க்கத் தேக்குமரம் மாதிரியே இருக்கும். தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது.

கரூர் பட்டறை:

சிவகங்கைத் தம்பி வண்டியில் அடிப்பலகை நன்றாக இருந்திருக்கும், அதனால் தப்பித்தார். மில்காரர் வண்டியில் கால் அமுங்குகிறது என்கிறார். அமுங்கினால் அது ஷீட் பிரச்சினை இல்லை, ப்ளைவுட் பிரச்சினை. உளுத்துப்போன பலகைக்கு மேல் தண்ணீர் புகாத ஒன்றைப் போட்டு மூடினால் உள்ளே இருக்கிற ஈரத்துக்குப் போக வழி கிடையாது. இன்னும் சீக்கிரம் அழுகும். இரண்டு வருஷத்தில் கால் ஓட்டை வழியாக ரோட்டுக்குப் போகும்.

நான் கரூரில் பஸ் பாடி கட்டுகிற வேலையில் 26 வருஷம். பழைய வண்டி வந்தால் முதல் வேலை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தரை முழுக்கத் தட்டிப் பார்ப்பது. நல்ல பலகை 'டக்' என்னும். கெட்டது 'பொத்' என்னும். பொத் என்ற இடத்தில் ஷீட்டை ஒரு சாண் கிழித்து, முனையால் குத்துங்கள். முனை வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால் அந்தப் பலகை போச்சு.

அதோடு விடாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் புதுப்பலகை போட்டால் காசு வீண். கேரவனில் நான் பார்த்தவரை நாலு வழி. ஜன்னல் ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருக்கும். பேசின் கழிவுக் குழாய் தரையில் இறங்குகிற ஓட்டையைச் சுற்றி சீல் போயிருக்கும். கூரை ஏ.சி.யின் தண்ணீர்க் குழாயை இலை அடைத்திருக்கும். நாலாவது, பின் சக்கரம் வாரியடிக்கிற தண்ணீர் கீழிருந்தே ப்ளைவுட் விளிம்பில் ஏறும். படிப்பக்கம் கெடுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

எஸ்.பி.சி. பற்றியும் ஒரு வார்த்தை. அது வீட்டுத் தரைக்கு நல்ல சாமான்தான். சுண்ணாம்புக் கல் பொடி கலந்தது, 4 மில்லி கனத்துக்கே சதுர மீட்டருக்கு 8 கிலோ பக்கம் வரும். சித்திரை வெயிலில் பூட்டி நிற்கிற வண்டிக்குள் நீளும். சுற்றிலும் இடைவெளி விடாமல் இறுக்கிப் போட்டிருந்தால் நடுவில் கூரை மாதிரி எழும்பும். அதன்மேல் அலமாரியை வைத்து போல்ட் போட்டுவிட்டால் இன்னும் மோசம், அசைய இடமில்லாமல் சொருகு உடையும்.

ஆத்தங்குடி பட்டறைக்காரன்:

ஆச்சி கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. எங்கள் பட்டறைக்கு இதே கேள்வியோடு முன்பு ஒருத்தர் வந்திருக்கிறார். அவருக்குச் சொன்னதையே சொல்கிறேன்.

எங்கள் கல் சூளையில் சுட்டது இல்லை, மெஷினில் அழுத்தியதும் இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, அதற்குள் டிசைன் அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் சாயம் கலந்த சிமென்ட்டை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே காய்ந்த கலவை தூவி, பிறகு ஈரக் கலவை வைத்துத் தட்டி மட்டம் செய்வது. அப்புறம் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. அந்த வழவழப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது. ஆக, அடிப்படையில் அது ஒரு சிமென்ட் பாளம். சுமை தாங்கும், வளைவது தெரியாது. கீழே அசையாத தரையும், ஒரு அங்குலமாவது கலவைப் படுகையும் வேண்டும். வண்டி ஒரு வேகத்தடையைக் கோணலாக ஏறினாலே பாடி முறுக்கிக்கொள்ளும். அன்றைக்கே மூட்டு விடும். மறுவாரம் கல் விரியும்.

வேண்டுமானால் கதவோரம் ஒரே ஒரு கல்லைச் சுவரில் அலங்காரமாகப் பதியுங்கள். தரைக்கு வேண்டாம். விற்கிறவனே வேண்டாம் என்கிறேன், ஆச்சியிடம் அப்படியே சொல்லுங்கள்.

புதுவயல் மில்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று உட்கார்ந்து இரண்டு வேலை பார்த்தேன்.

முதலில் கல். வீட்டில் பழைய கல் மிச்சம் நாலு கிடந்தது, 10 அங்குலச் சதுரம். ஒன்றை எடுத்துப்போய் மில் தராசில் வைத்தேன். 2 கிலோ 640 கிராம். 84 சதுர அடிக்கு 121 கல் வேண்டும், 320 கிலோ. பட்டறைக்காரர் சொன்ன ஒரு அங்குலக் கலவையையும் சேர்த்தால் 700 கிலோவைத் தொடுகிறது. ஆத்தாவிடம் கிலோவில் சொல்லவில்லை. "25 கிலோ அரிசிச் சிப்பம் 28, எந்நேரமும் வண்டியில ஏத்திக்கிட்டே கோயில் கோயிலாப் போகணும் ஆத்தா" என்றேன். மில்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள், சட்டென்று புரிந்தது. "அப்ப வேணாம்" என்று எழுந்து போய்விட்டார்கள். ஒரு வாரத்துச் சண்டை ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

இரண்டாவது, ஷீட்டைக் கிழித்தேன். கரூர் அண்ணன் சொன்னபடி தட்டிக்கொண்டே வந்தால் பேசினிலிருந்து படி வரைக்கும் 'பொத்'. குத்தூசியை வைத்து அழுத்தினேன், பிடி வரை உள்ளே போய்விட்டது. ஷீட்டின் அடிப்பக்கம் கறுப்பாகப் பூஞ்சை. ப்ளைவுட் அடுக்கடுக்காகப் பிரிந்து ஈரமான பனையோலை மாதிரி கையோடு வருகிறது. அடியில் பலகையைத் தாங்கும் இரண்டு குறுக்கு இரும்பு ஆங்கிளில் துரு, ஆனால் சுத்தியலால் தட்டினால் கெட்டியாகத்தான் இருக்கிறது. தண்ணீர் வந்த வழியும் தெரிந்துவிட்டது: ஏ.சி. குழாய். வண்டி இரண்டு வருஷமும் எங்கள் தோட்டத்து வேப்பமரத்தடியில்தான் நின்றது. குழாயில் கம்பியை விட்டேன், வேப்பம்பூவும் சருகும் கட்டியாக வந்தது. ஐப்பசி மழையில் தண்ணீர் தடுப்புச் சுவருக்குள்ளேயே இறங்கி, பேசின் பெட்டிக்கு அடியில் தேங்கியிருக்கிறது.

எங்கள் வீடு கட்டியவர்கள் முற்றத்தில் விழுகிற மழை ஒரு சொட்டுக்கூடத் தேங்காமல் ஓட வழிவிட்டுத்தான் கட்டினார்கள். அந்த வீட்டு வாசலில் வளர்ந்த எனக்கு ஒரு குழாயை எட்டிப்பார்க்கத் தோன்றவில்லை. சரி, போகட்டும்.

மீதிப் பாதித் தரை கல் மாதிரி நிற்கிறது. அதையும் மாற்ற வேண்டுமா?

லெஸ்டர் ஆச்சி:

தம்பி, நான் தேவகோட்டைப் பக்கம். இங்கிலாந்துக்கு வந்து 30 வருஷம் ஆகிறது. எங்களிடம் 1996-இல் செய்த மோட்டார்ஹோம் ஒன்று இருக்கிறது. போன வருஷம் அதற்கு இதே வைத்தியம் பார்த்தோம்.

இங்கத்து வண்டித் தரை உங்களுடையது மாதிரி ஒற்றைப் பலகை இல்லை. மேலே மெல்லிய ப்ளை, நடுவில் ஃபோம், கீழே இன்னொரு ப்ளை என்று சாண்ட்விச். காலம் போனால் பசை விட்டுப்போய், அடுப்பங்கரை முன்னாலும் கதவோரமும் மெத்துமெத்து என்று ஆகும். அழுகாமல் வெறுமனே பசை விட்டிருந்தால் பலகையை வெட்ட வேண்டியதில்லை. மேல் ப்ளையில் வரிசையாகத் துளை போட்டு, இரண்டு பங்கு கலக்கும் ரெசினை ஊசியால் உள்ளே ஏற்றி, மரமுளை அடித்து, மேலே பாரம் வைத்துவிட்டால் பிடித்துக்கொள்ளும். உங்களுடையது அழுகல், அதனால் வெட்டித்தான் ஆக வேண்டும். இதைச் சொல்லக் காரணம், யாராவது யூடியூப் பார்த்துவிட்டு உங்களிடம் ரெசின் ஊற்றச் சொல்வார்கள். ஊற்றாதீர்கள்.

மீதிப் பாதியைத் தொடும் முன்பு ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்குங்கள், இரண்டு ஊசி உள்ளது. 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் கவலை இல்லை. 20-ஐத் தாண்டினால் அந்த இடத்தை விடாதீர்கள். கெட்டியாகத் தெரிகிற பலகையும் சில சமயம் 25 காட்டும், உளுக்க ஆரம்பிக்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். எங்கள் வண்டியில் அப்படி ஓர் இடத்தைச் சும்மா விட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி பிரித்தோம்.

எடை விஷயத்தில் ஆத்தாவுக்கு நீங்கள் சிப்பக் கணக்கு சொன்னது எனக்குப் பிடித்தது. இங்கே 1997 ஜனவரி முதல் லைசென்ஸ் வாங்கியவர்கள் சாதாரணக் கார் லைசென்ஸை வைத்து 3,500 கிலோ வரையுள்ள மோட்டார்ஹோம்தான் ஓட்டலாம். எங்கள் மகள் ஓட்ட வேண்டும் என்பதால் தரைக்கு வாங்குவதைக்கூட நிறுத்துப் பார்த்துத்தான் வாங்கினோம். கடைசியில் சாதாரண வினைல் ஷீட்தான்.

கரூர் பட்டறை:

ஆச்சி சொன்னது சரி. மீட்டர் வாங்குங்கள். பாதிதான் மாற்றப்போகிறீர்கள் என்றால் வெட்டுக்கோடு குறுக்கு ஆங்கிளின் நடுவில் வர வேண்டும். அப்போதுதான் பழைய பலகையின் ஓரமும் புதுப்பலகையின் ஓரமும் ஒரே இரும்பில் உட்காரும். அந்தரத்தில் மூட்டு வந்தால் மேலே எந்த ஷீட் ஒட்டினாலும் அந்தக் கோடு ஆறு மாதத்தில் தெரியும்.

பலகை 12 மில்லி, ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளை. கடைக்காரர் 'இதுவும் வாட்டர்ப்ரூஃப்தான்' என்று ஐ.எஸ். 303 முத்திரை உள்ள சாதாரண ப்ளையை நீட்டுவார், வாங்காதீர்கள். வெட்டின விளிம்பு எல்லாவற்றுக்கும் வார்னிஷோ எபாக்ஸியோ இரண்டு கை. பலகை கெடுவது முகத்தில் இல்லை, விளிம்பில்தான். ஆங்கிளுக்குத் துருவை பிரஷ் போட்டுச் சுரண்டி ரெட் ஆக்ஸைடு அடியுங்கள். துளை போடும் முன்பு ஒருதரம் வண்டிக்கு அடியில் படுத்து, டீசல் டேங்க், பிரேக் குழாய், ஒயர் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். ட்ரில் பிட்டில் 20 மில்லி விட்டு ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் இறக்காதீர்கள்.

ஷீட் பஸ்ஸுக்குப் போடுகிற 2 மில்லி வினைல், ஐ.எஸ். 15061 தீத் தரம் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். ரோல் 2 மீட்டர் அகலம் வருகிறது, அது ஆறரை அடி. உங்கள் தரை 6 அடி. இரண்டு பக்கமும் மூன்று அங்குலம் சுவரில் வளைத்து ஏற்றிவிடலாம், நடுவில் மூட்டே வராது. கழுவிவிட்டாலும் தண்ணீர் ஓரத்தில் இறங்காது.

ஒட்டுவதற்கு முன் கேஸ் சிலிண்டரை வண்டியை விட்டே இறக்கிவிடுங்கள். மூடி வைத்தால் போதாது. ரப்பர் பசையின் ஆவி சட்டென்று பிடிக்கும். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும், பீடி சிகரெட் கிட்டவே வரக்கூடாது. மதிய வெயிலில் ஒட்டாதீர்கள், தடவும்போதே காய்ந்துவிடும்.

புதுவயல் மில்காரன்:

வேலை முடிந்தது. மூன்று ஞாயிறு ஆனது. கரூர் அண்ணன் ஒரே நாள் என்றிருப்பார்.

மீட்டர் வாங்கினேன். கெட்டி என்று நான் நம்பிய பாதியில் கட்டிலுக்கு அடியில் ஓர் இடம் 23 காட்டியது. ஆச்சிக்கு நமஸ்காரம். அங்கே ஜன்னல் பீடிங். வெட்டுக்கோட்டை இன்னும் ஒரு ஆங்கிள் தள்ளி வைத்துக்கொண்டேன், இரண்டு முழுப் பலகை பிடித்தது.

ஷீட் வெட்டுவதற்குத்தான் பயம். ஒருதரம் தப்பாக வெட்டினால் ரோல் போச்சு. பழைய மாதக் காலண்டர் தாள்களை ஒட்டி ஒட்டித் தரை முழுக்க விரித்து, பேசின் குழாய், பாத்ரூம் மூலை எல்லாவற்றையும் தாளில் வெட்டி எடுத்தேன். அதை ஷீட்டின் மேல் வைத்துக் கோடு. ஷீட்டை முதல் நாளே முகப்பில் விரித்துப் போட்டுவிட்டேன், சுருள் விடுவதற்கு. வந்தவர்கள் எல்லோரும் கல்யாணத்துக்கு ஜமக்காளமா என்று கேட்டார்கள்.

ஒட்டும்போது நடந்ததைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பசை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, பிறகு சேர்ப்பது. சேர்ந்துவிட்டால் நகர்த்த முடியாது. 14 அடி ஷீட்டை நானும் மில் பையன் ஒருத்தனும் தூக்கி நேராக வைக்க முடியுமா? ஆத்தா வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். காய்ந்த பசை பசையோடு மட்டும்தான் ஒட்டும், வேறு எதிலும் ஒட்டாது என்று பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். "அப்ப நடுவுல வெளக்குமாத்துக் குச்சியப் பரப்பிக்க வேண்டியதுதானே" என்றார்கள். ஒரு தென்னை விளக்குமாற்றைப் பிரித்து, ஈர்க்குகளைச் சாணுக்கு இரண்டாகத் தரையில் பரப்பி, மேலே ஷீட்டை வைத்து, ஓரம் சரிபார்த்து, ஒரு பக்கத்திலிருந்து ஈர்க்கை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே அழுத்தி வந்தோம். ஒரு நூல் விலகவில்லை.

அழுத்துவதற்கு உருளை இல்லை. அப்பத்தா காலத்து அம்மிக்குழவியைத் துண்டில் சுற்றி உருட்டினேன். அதற்குத்தான் திட்டு விழுந்தது. இரண்டு வருஷமாக யாரும் அதில் மசால் அரைக்கவில்லை, இருந்தாலும் திட்டு.

ஷீட்டின் எடை 22 கிலோ. ஒரு சிப்பத்துக்கும் குறைவு.

சிவகங்கை டிராவல்ஸ்:

ஈர்க்குக் குச்சி அருமை சார். இதைப் படித்துவிட்டு என் வண்டியில் ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தேன். பின் சீட் பக்கம் 'பொத்'. மொத்தச் செலவு எவ்வளவு ஆச்சு?

புதுவயல் மில்காரன்:

ப்ளை, ஷீட், பசை, ஜன்னல் பீடிங், மீட்டர் எல்லாம் சேர்த்து 21,000 பக்கம். பையனுக்குக் கூலி தனி. பீடிங்தான் எதிர்பார்க்காத செலவு.

கரூர் பட்டறை:

படி விளிம்பில் அலுமினிய நோசிங் (விளிம்பை மூடும் பட்டை) போட்டீர்களா? எழுதவில்லையே. ஏறி இறங்கும்போது கால் இடிப்பது அங்கேதான், ஷீட் முதலில் எழும்புவதும் அங்கேதான். நோசிங்குக்கு அடியில் சிலிகான் வைத்து ஸ்க்ரூ போடுங்கள். வண்டி 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு கட்டில், பேசின் போல்ட் எல்லாவற்றையும் ஒருதரம் இறுக்குங்கள், புதுப்பலகை கொஞ்சம் அமரும்.

புதுவயல் மில்காரன்:

நோசிங் போடவில்லை அண்ணே. நாளைக்கே காரைக்குடி போய் வாங்குகிறேன். வெள்ளிக்கிழமை பிள்ளையார்பட்டி, அங்கிருந்து வைரவன்பட்டி, இரணியூர் என்று திட்டம். வண்டியை வேப்பமரத்தடியிலிருந்து எடுத்து மில் ஷெட்டில் நிறுத்தியாச்சு.